மொத்தத்தை ஆர் கூட்டினது?

வெப் டிவலப்மென்ட் படிக்கத் தொடங்குகிற ஆருக்கும் முதல் சில கிழமைக்குள்ள ஒரு பயிற்சி வரும். ஒரு பக்கத்தில மூன்று பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில ஒரு கழித்தல் பட்டன், நடுவில ஓர் எண், பிறகு ஒரு கூட்டல் பட்டன். கடைசி வரியில ‘மொத்தம்’. கூட்டலை அமத்தினால் எண்ணிக்கை ஒன்று ஏறவேணும், மொத்தமும் அதோட சேர்ந்து ஏறவேணும். அவ்வளவுதான் பயிற்சி.

கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்தில படிக்கிறவருக்கும் இது வரும். தர்மபுரத்தில போனில வீடியோ பார்த்துத் தானாகப் படிக்கிறவருக்கும் இது வரும். அரை மணித்தியாலத்தில முடிகிற வேலை எண்டுதான் எல்லாரும் தொடங்குவினம். ஆனால் மொத்தம் தானாக மாறுகிற அந்த ஒரு வரிக்குப் பின்னால நூறு வருசத்துக்கு மேற்பட்ட கதை இருக்கு. அந்தக் கதை முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுத்திச் சுத்தி வருது: கணக்கை ஆர் கூட்டுகினம், காசு குடுக்கிறவர் அதைத் திரும்பக் கூட்டிப் பார்க்க ஏலுமா?

வன்னியில வளர்ந்த எங்களுக்கு இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. ஏன் எண்டு போகப் போக விளங்கும்.

சிட்டையும் கூப்பனும்

பரந்தனில இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதியில தர்மபுரம் இருக்கு. இப்படியான வீதியோரக் கடைகளில கணக்கு எப்படி நடந்தது எண்டு வீட்டில அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கேட்டுப் பாருங்கோ. சாமான் கட்டின கடதாசித் துண்டிலேயே சிட்டை எழுதுவினம். பொருள், அளவு, விலை. கடைக்காரர் மேல இருந்து கீழ வாய்விட்டுக் கூட்டுவார். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் அதே எண்களைத் தலைகீழாகப் பார்த்து மனக்கணக்கில கூட்டுவார். ரெண்டு பேருக்கும் ஒரே விடை வந்தால் காசு கைமாறும். வராட்டி திரும்பக் கூட்டுவினம்.

கடன் கொப்பி கொஞ்சம் வேற மாதிரி. அதில ‘முன்நிலுவை’ எண்டு ஒரு வரி முதல் வரும். போன பக்கத்தின்ர மொத்தம் இந்தப் பக்கத்தின்ர முதல் எண்ணாகும். போன பக்கத்தில ஒரு பிழை இருந்தால் அது கொப்பி முடியுமட்டும் கூடவே நடந்து வரும். இதை ஞாபகம் வச்சிருங்கோ, பட்டன் கதையில திரும்ப வரும்.

இதே காலத்தில இன்னொரு கணக்கும் இருந்தது: சங்கக் கடை. இரண்டாம் உலகப் போரில பர்மா ஜப்பானிடம் விழுந்து அரிசி வரத்து நின்றபோது, 1942இல் இலங்கையில அரிசிப் பங்கீடு தொடங்கியது. ஆளுக்கொரு கூப்பன். கூட்டுறவுக் கடைகள் ஊர் ஊராகப் பெருகியதுக்கு இந்தப் பங்கீடு பெரிய காரணம். 1957க்குப் பிறகு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. ‘கூப்பன் அரிசி’, ‘சங்கக் கடை’ எண்ட சொற்கள் இண்டைக்கும் எங்கட வாயில இருக்கிறது அதால்தான்.

இந்தக் கணக்கில மூன்று உறுப்புத்தான். எண்ணிக்கை, விலை, ரெண்டையும் பெருக்க வாற மொத்தம். எதை அரசு பிடிச்சு வைக்குது, எதை விடுது எண்டதில ஒரு நாட்டின்ர அரசியலே நடந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்தில இருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. நாலு கொத்து வாங்குகிற வீட்டுக்கு ஒரு ரூபாவாக இருந்த மொத்தம் 2 ரூபா 80 சதம் ஆச்சு. எண்ணிக்கை மாறவே இல்லை. அந்த வருசம் ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில நாடு முழுக்கக் ஹர்த்தால் நடந்தது. ஒக்டோபரில பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

பிறகு 1979 செப்டெம்பரில கூப்பன் முறை எடுக்கப்பட்டு உணவு முத்திரை வந்தது. மேலோட்டமாப் பார்த்தால் ரெண்டும் ஒன்றுபோலத் தெரியும். உண்மையில கணக்கின்ர தலை மாறிப்போச்சு. கூப்பன் உறுதி சொன்னது எண்ணிக்கையை: உனக்கு இத்தனை கொத்து. முத்திரை உறுதி சொன்னது மொத்தத்தை: உனக்கு இத்தனை ரூபா. விலை ஏறினால் கூப்பன் வச்சிருந்தவருக்கு அரிசி குறையாது. முத்திரை வச்சிருந்தவருக்குக் குறையும். அப்படியே நடந்தது. முத்திரையில அச்சடிச்ச தொகை அசையாமல் நிற்க, சில வருசத்துக்குள்ளேயே அதால வாங்கக்கூடிய அளவு ஏறக்குறையப் பாதியாச்சு. எந்த எண்ணை நிலையாக வைக்கிறம், எந்த எண்ணை அதில இருந்து கணக்கிடுறம் எண்டது புரோகிராமருக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மணி அடிக்கிற பெட்டி

கணக்கைக் கூட்டுகிற வேலை மனிசரின்ர வாயில இருந்து இயந்திரத்துக்குப் போனது அமெரிக்காவில. ஒகையோ மாநிலத்தின்ர டேட்டன் நகரில ஜேம்ஸ் ரிட்டி எண்டவர் மதுக்கடை வச்சிருந்தார். வேலையாட்கள் காசைத் தங்கட பொக்கற்றுக்குள்ள போடுகினம் எண்டு அவருக்குச் சந்தேகம். கப்பலில ஐரோப்பா போகும்போது, கப்பலின்ர சுழலி எத்தனை தரம் சுத்துது எண்டு எண்ணுகிற ஒரு கருவியை அவர் கண்டார். சுழற்சியை எண்ண ஏலுமெண்டால் விற்பனையை ஏன் எண்ண ஏலாது? சகோதரர் ஜோனோட சேர்ந்து செய்த பெட்டிக்கு 1879 நவம்பரில காப்புரிமை கிடைச்சது. கறைபடியாத காசாளர் எண்ட கருத்தில அதுக்குப் பேர் வச்சினம்.

முதல் பெட்டியில மணிக்கூட்டு முகம் மாதிரி ஒரு வட்டமும் முள்ளும் இருந்தது. ஒரு முள் டொலர், மற்ற முள் சதம். பட்டனை அமத்தினால் தொகை வட்டத்தில தெரியும். இந்தச் ‘தெரியும்’ எண்டதுதான் முக்கியம். கடைக்கு வந்தவர் எத்தனை காசு குடுக்கவேணும் எண்டு வெளிப்படையாகத் தெரிஞ்சால் காசாளர் குறைச்சு அமத்த ஏலாது. பார்க்கிற கண்தான் அங்க பூட்டு. பிறகு 1884இல் ஜோன் பற்றர்சன் அந்த வியாபாரத்தை வாங்கி நெஷனல் காஷ் ரெஜிஸ்டர் நிறுவனமாக்கினார். மணி, கடதாசிச் சுருள், ரசீது எல்லாம் அந்தப் பெட்டிகளோட உலகம் முழுக்கப் போனது.

சரியாக நூறு வருசம் கழிச்சு, 1979இல், இன்னொரு தாவல். ஹார்வர்டில வணிக நிர்வாகம் படிச்ச டான் பிரிக்லின் ஒரு விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேராசிரியர் கரும்பலகையில பெரிய அட்டவணை போட்டுக் கணக்குச் செய்கிறார். ஓர் எண்ணை மாத்தினால் அதைத் தொட்ட எல்லா எண்ணையும் அழிச்சுத் திரும்ப எழுதவேணும். ஓர் எண்ணை மாத்த மற்றதெல்லாம் தானாக மாறுகிற ஒரு பலகை இருந்தால் எப்படி இருக்கும் எண்ட யோசனை அவருக்கு வந்தது. பொப் பிராங்ஸ்டனோட சேர்ந்து அவர் செய்த விசிகால்க், அப்பிள் 2 கொம்பியூட்டருக்கு வந்த முதல் விரிதாள் செயலி. இண்டைக்கு நாங்கள் எக்ஸெலில ஒரு கட்டத்தை மாத்த அடியில மொத்தம் மாறுதே, அதின்ர தொடக்கம் அது. எங்கட பயிற்சியில வாற கூட்டல், கழித்தல் பட்டனும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

கடை, கம்பி வழி வருது

அதே 1979இல் இங்கிலாந்தில மைக்கல் ஓல்ட்ரிச் எண்டவர் தொலைக்காட்சிப் பெட்டியையும் தொலைபேசிக் கம்பியையும் சேர்த்து வீட்டில இருந்து சாமான் வாங்கிற முறை ஒன்றைச் செய்தார். 1984 மே மாதம் கேட்ஸ்ஹெட் நகரில ஜேன் ஸ்னோபோல் எண்ட 72 வயது அம்மா, தொலைக்காட்சி ரிமோட்டை வச்சு டெஸ்கோ கடையில மார்ஜரின், கோர்ன்பிளேக்ஸ், முட்டை ஓர்டர் பண்ணினார். வெளியில போய்வரக் கஷ்டப்படுகிற முதியவர்களுக்காக நகரசபை செய்த திட்டம் அது. வீட்டில இருந்து ஓர்டர் பண்ணிறது பெடியள் கண்டுபிடிச்ச சொகுசு எண்டு நினைக்கிறவைக்கு இது நல்ல பதில்.

வெப் வந்தபோது ஒரு சிக்கல் இருந்தது. வெப்பின்ர அடிப்படை ஒழுங்கில சேர்வருக்கு ஞாபகமே கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் தரும், தந்த உடன மறந்துபோகும். அடுத்த பக்கத்தைக் கேட்கிறது அதே ஆளோ வேற ஆளோ எண்டு அதுக்குத் தெரியாது. கூடையில ஒரு புத்தகத்தைப் போட்டுட்டு அடுத்த பக்கம் போனால் கூடை வெறுமையாகிவிடும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில லூ மொன்டூலி இதுக்கு ஒரு வழி கண்டார். சின்னத் துண்டு ஒன்றை பிரவுசரிட்ட குடுத்து வைக்கிறது. பிரவுசர் ஒவ்வொரு தரம் வரும்போதும் அதைத் திரும்பக் காட்டும். அதுதான் குக்கீ. இண்டைக்கு விளம்பரக் கொம்பனிகள் எங்களைப் பின்தொடர்கிற அதே குக்கீ பிறந்த காரணங்களில ஒன்று கடைக் கூடை.

கூடை ஞாபகம் இருந்தது, ஆனால் மொத்தம் அசையேல்லை. எண்ணிக்கைப் பெட்டியில 2ஐ 3 ஆக்கினால் ஒண்டும் நடக்காது. ‘மீளக் கணக்கிடு’ எண்ட மாதிரி ஒரு பட்டனை அமத்தவேணும். பக்கம் சேர்வருக்குப் போகும், சேர்வர் கூட்டும், முழுப் பக்கத்தையும் திரும்ப அனுப்பும். தொலைபேசிக் கம்பி வழி இன்டர்நெற் வந்த காலத்தில அதுக்குக் கன நேரம் பிடிக்கும். கூட்டுகிற வேலை முழுக்கக் கடைக்காரரின்ர பக்கம். வாங்கிறவர் கேட்டுப்போட்டுக் காத்திருக்கவேணும்.

1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில பிரென்டன் ஐக் பத்து நாளில ஒரு சின்ன மொழியை எழுதினார். அந்த டிசம்பரில அது ஜாவாஸ்கிரிப்ட் எண்ட பேரில அறிவிக்கப்பட்டது. இதோட கூட்டல் வாங்கிறவரின்ர கொம்பியூட்டருக்கே வந்துது. பட்டனை அமத்தின அந்த நொடியே மொத்தம் மாறும். சேர்வருக்குப் போகத் தேவையில்லை. பக்கத்தை முழுசாத் திரும்ப ஏத்தாமல் பின்னால மெதுவா சேர்வரோட கதைக்கிற வசதியை மைக்ரோசொப்ட் 1999இல் தன்ர பிரவுசரில போட்டுது. 2005இல் ஜெஸி ஜேம்ஸ் கரெட் அந்த முறைக்கு ‘அஜாக்ஸ்’ எண்டு பேர் வச்சார். அதுக்குப் பிறகு ‘மீளக் கணக்கிடு’ பட்டன் மெல்ல மெல்லக் காணாமல் போச்சு.

அந்த அரை மணித்தியால வேலையில எத்தனை குழி

இப்ப பயிற்சிக்கு வருவம். அரிசி 5 கிலோ, கிலோ 230 ரூபா. பருப்பு 2 கிலோ, கிலோ 300. தேங்காய் 3, ஒன்று 150 எண்டு வைப்பம். 1150, 600, 450. மொத்தம் 2200.

முதல் குழி: கூட்டல் பட்டனை அமத்தத் தேங்காய் 3இல் இருந்து 4 ஆகாமல் 31 ஆகும். பெட்டிக்குள்ள இருந்து எடுக்கிற எதையும் ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தாகத்தான் பார்க்கும். எழுத்தோட எழுத்தைக் கூட்டினால் பக்கத்தில ஒட்டிவிடும். வேடிக்கை என்னெண்டால் கழித்தல் பட்டன் ஒழுங்கா வேலை செய்யும், ஏனெண்டால் எழுத்தைக் கழிக்க ஏலாது எண்டு மொழியே அதை எண்ணாக மாத்திப்போடும். கழித்தல் சரி, கூட்டல் பிழை எண்டு மண்டையைப் பிய்க்காத மாணவர் குறைவு. எண்ணாக மாத்திப்போட்டுக் கூட்டவேணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது குழி கடன் கொப்பிக் குழி. கூட்டலை அமத்தினால் பழைய மொத்தத்தோட 150 கூட்டு, கழித்தலை அமத்தினால் 150 கழி எண்டு எழுதத் தோன்றும். சரியா வேலை செய்கிற மாதிரியும் இருக்கும். பிறகு ‘நீக்கு’ எண்ட பட்டன் வரும். மூன்று தேங்காய் இருந்த வரியை நீக்கினால் 450 கழியவேணும். ஆனால் எழுதினவர் ஒரு தேங்காயின்ர 150ஐ மட்டும் கழிச்சிருப்பார். தேங்காய் இல்லை, மொத்தத்தில 300 ரூபா மட்டும் பேய் மாதிரி நிற்கும். முன்நிலுவையில வந்த பிழை கொப்பி முடியுமட்டும் நடந்து வாற மாதிரி, அந்த 300உம் கூடவே வரும்.

இதுக்கு மருந்து: மொத்தத்தை ஒருநாளும் கையால தொடாதேங்கோ. எண்ணிக்கையை மட்டும் மாத்துங்கோ. ஒவ்வொரு தரமும் முதல் வரியில இருந்து கடைசி வரி மட்டும் எல்லாத்தையும் திரும்பக் கூட்டுங்கோ. மூன்று வரியோ முப்பது வரியோ, கொம்பியூட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கடைக்காரர் சந்தேகம் வந்தால் மேல இருந்து திரும்பக் கூட்டுவாரே, அதேதான்.

பெரிய கொம்பனிகளும் இந்தக் குழிக்குள்ள விழுந்தவைதான். புதுச் செய்தி ஒன்று வந்திருக்கு எண்டு பேஸ்புக்கின்ர மேல் பட்டை காட்டும். உள்ள போய்ப் பார்த்தால் ஒண்டும் இராது. அந்தப் பிழை திருத்தத் திருத்தத் திரும்பத் திரும்ப வந்ததை 2014இல் அவையின்ர பொறியியலாளர்களே மேடையில சொன்னவை. ஒரே உண்மையை ரெண்டு இடத்தில எழுதி வச்சால் எண்டைக்காவது ரெண்டும் வேற வேற கதை சொல்லும். உண்மை ஓரிடத்தில, மற்றதெல்லாம் அதில இருந்து கணக்கிட்டது எண்ட ஒழுங்கை ரியாக்ட் மாதிரியான கருவிகள் பரப்பினதுக்குப் பின்னால இந்த அனுபவம் இருக்கு.

மூன்றாவது குழி கழித்தல் பட்டனில இருக்கு. அமத்திக்கொண்டே போனால் 0, பிறகு மைனஸ் 1. அமேசனின்ர ஆரம்ப நாட்களில மைனஸ் எண்ணிக்கையில புத்தகம் ஓர்டர் பண்ணக்கூடியதாக இருந்தது எண்டு ஜெப் பெசோஸ் பிறகு சிரிச்சுக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஓர்டர் பண்ணினவருக்கு அமேசன் காசு குடுக்கவேண்டி வந்திருக்கும்!

நாலாவது சதக் குழி. கொம்பியூட்டர் பின்னங்களை ரெண்டின் அடுக்குகளாக வைக்குது. பத்தில ஒன்றை அது சரியாக எழுத ஏலாது, நாங்கள் மூன்றில ஒன்றைத் தசமத்தில எழுதி முடிக்க ஏலாத மாதிரி. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 எண்டு சொல்லும். அதால காசைச் சதத்திலேயே முழு எண்ணாக வச்சுக் கூட்டிப்போட்டு, காட்டும்போது மட்டும் ரூபாவாக்கிறது நல்லது.

அஞ்சாவதுதான் ஆகப் பெரியது. கூட்டல் வாங்கிறவரின்ர கொம்பியூட்டருக்கு வந்தது வசதிதான். ஆனால் அந்தக் கொம்பியூட்டரில இருக்கிற எதையும் அவர் மாத்தலாம். ஆரம்பகால ஒன்லைன் கடைகள் சில, பொருளின்ர விலையைப் பக்கத்துக்குள்ளேயே மறைச்சு வச்சு, ஓர்டர் வரும்போது அதையே திரும்ப வாங்கி நம்பிச்சினம். பக்கத்தைச் சேமிச்சு, 230ஐ 2 ஆக்கி, திரும்ப அனுப்பினால் அரிசி கிலோ 2 ரூபாவுக்குப் போகும். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில ஐஎஸ்எஸ் எண்ட பாதுகாப்பு நிறுவனம் பல கூடைச் செயலிகளில இந்த ஓட்டை இருக்கெண்டு எச்சரிச்சது. அதில இருந்து வந்த விதி இண்டைக்கும் அப்படியே இருக்கு: பிரவுசர் காட்டுகிற மொத்தம் பார்க்கிறவருக்காக, சேர்வர் பொருளையும் எண்ணிக்கையையும் மட்டும் வாங்கி, தன்ர விலைப்பட்டியலை வச்சுத் தானே திரும்பக் கூட்டவேணும். ரெண்டு பக்கமும் கூட்டவேணும், ரெண்டு விடையும் ஒத்துவரவேணும். மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கூட்டின சிட்டைக் கணக்குக்கே திரும்ப வந்திட்டம்.

எண்ணிக்கையே பிழையெண்டால்

இதுவரைக்கும் சொன்ன எல்லாப் பாதுகாப்பும் ஒரு நம்பிக்கையில நிற்குது: எண்ணிக்கை எண்ட பெட்டிக்குள்ள இருக்கிற எண் உண்மை. அதைத் தவறா எழுதினால் பெருக்கல் எவ்வளவு சரியா இருந்தும் பிரயோசனமில்லை. இதை எங்கட மண் படிச்ச விதம் கொடுமையானது.

1990இல் இருந்து 2002இன் தொடக்கம் வரைக்கும் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து எண்டு தடைப்பட்ட பொருட்களுக்கு ஒரு பட்டியல். மண்ணெண்ணெய் விளக்குக்கு முன்னால இருந்து படிச்ச தலைமுறைக்கு அந்தக் காலக் கணக்கைச் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. யுத்தநிறுத்தத்தோட ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில திரும்ப மூடப்பட்டது.

2008 செப்டெம்பரில ஐ.நா.வின்ர வெளிநாட்டுப் பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டினம். ஒக்டோபரில இருந்து 2009 ஜனவரி வரைக்கும் உலக உணவுத் திட்டத்தின் 11 வாகனத் தொடரணிகள் உள்ள வந்தன. அந்த மாதங்களிலதான் கிளிநொச்சிச் சனம் ஏ35 வழியாக தர்மபுரம், விசுவமடு, பிறகு இன்னும் கிழக்க எண்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்தின் கையில போனது. அதே மாத நடுவில தர்மபுரம்.

எவ்வளவு உணவு அனுப்பவேணும்? கணக்கு எங்கட பயிற்சிதான்: ஆட்களின் எண்ணிக்கை பெருக்கல் ஆளுக்கான பங்கு. பங்கில ஒருத்தருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எண்ணிக்கையில இருந்தது. உள்ள இருந்த மாவட்ட அதிகாரிகள் சொன்ன தொகையும், கொழும்பு சொன்ன தொகையும் ஒன்றுக்கொன்று கிட்டவும் இல்லை. மக்கள் தொகையை அரசு மிகக் குறைத்துக் காட்டியதையும், உணவும் மருந்தும் அந்தக் குறைஞ்ச எண்ணுக்கு ஏற்பவே மட்டுப்பட்டதையும் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையில எழுதினது. பெருக்கல் பிழைக்கேல்லை. பெட்டிக்குள்ள போட்ட எண் பிழை. அந்தப் பிழைக்கு வரிசையில நின்ற சனம் பட்டினியால விலை குடுத்தது.

போர் முடிஞ்ச பிறகு அந்த எண்ணிக்கையைத் திரும்பக் கூட்டிப் பார்க்கச் சொன்ன ஒருவர் இருந்தார். 2011 ஜனவரியில மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால ஒரு கழித்தலை வச்சார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில வன்னியில இருந்தோர், கச்சேரிப் பதிவுப்படி, 429,059. போர் முடிவில அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர், 2009 ஜூலையின் ஐ.நா. கணக்குப்படி, 282,380. மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ எண்டு அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியின்ர பலம் எங்க இருந்தது எண்டு பாருங்கோ. அவர் தானாக ஓர் எண்ணைக் கொண்டுவந்து மேசையில போடேல்லை. ரெண்டு எண்ணும் உத்தியோகபூர்வமா எழுதப்பட்டவை. கழித்தலை மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் செய்து பார்க்கலாம். விடையை மறுக்கிறவர் ரெண்டு எண்ணில எது பிழை, ஏன் பிழை எண்டு வரி வரியாகக் காட்டவேணும். மொத்தத்தை மட்டும் சொல்லாமல் வரிகளையும் காட்டின ஒரு சிட்டை அது. ஆயர் 2021இல் காலமானார். கேள்வி இன்னும் மேசையிலதான் இருக்கு.

கூப்பன் திரும்ப வந்தது, கியூஆர் வடிவத்தில

2022இல் நாடு டொலர் இல்லாமல் விழுந்தபோது, வன்னி முப்பது வருசம் கண்ட வரிசையைக் கொழும்பும் கண்டது. அந்த செப்டெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருசத்தில உணவின் விலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கடைக்காரர் காலமை எழுதின விலையைப் பின்னேரம் வெட்டி எழுதினார். அச்சடிச்ச உணவு முத்திரை 1979க்குப் பிறகு எப்படிக் கரைஞ்சதோ, அப்படியே மாதச் சம்பளமும் கரைஞ்சது.

ஜூலையில எரிபொருளுக்கு தேசிய எரிபொருள் அனுமதி வந்தது. வாகனத்தைப் பதிஞ்சால் ஒரு கியூஆர் குறியீடு. தொடக்கத்தில மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. அடிச்ச அளவைப் பம்பில நிற்கிறவர் போனில போடுவார். சேர்வரில மிச்சம் குறையும். எங்கட போனுக்கு எஸ்எம்எஸ் வரும்: இவ்வளவு அடிச்சீங்கள், இவ்வளவு மிச்சம். கூப்பன் புத்தகத்தின்ர ஒரு தாளைக் கிழிக்கிறதும் இதுவும் ஒன்றுதான்.

இதில நடந்த ஒரு விசயத்தைக் கவனிக்கவேணும். ஒரே அனுமதியை ரெண்டு பம்பில காட்டி ஏமாத்த ஏலாது, ஏனெண்டால் மிச்சம் ஓரிடத்தில மட்டும் இருந்தது. பம்பில நிற்கிறவரும் கூடப் போட்டு மிச்சத்தை விற்க ஏலாது, ஏனெண்டால் எஸ்எம்எஸ் வாகனக்காரருக்கும் போனது. ஸ்மார்ட்போன் இல்லாதவை குறியீட்டை அச்சடிச்சு லமினேட் பண்ணிக் கொண்டு திரிஞ்சினம், அதுவும் வேலை செய்தது. ரிட்டியின்ர பெட்டியில தொகையை வெளியில காட்டின அந்த முள்ளும், இந்த எஸ்எம்எஸ்ஸும் செய்த வேலை ஒன்றுதான்: மற்றப் பக்கமும் பார்க்கட்டும்.

இனி எழுதப்போறவைக்கு

வன்னியில இண்டைக்குச் சின்னக் கடைகள் போனில ஓர்டர் எடுக்குது. நாளைக்குச் சங்கக் கடைக்கும், பெண்கள் சுயதொழில் குழுவுக்கும், மீன் வாடிக்கும் ஓர்டர் பக்கம் எழுதப்போறது இதை வாசிக்கிற உங்களில ஆரோதான். அந்தப் பக்கத்தைப் பாவிக்கப் போறவை மனக்கணக்கில கெட்டிக்காரர். ஏமாந்த அனுபவமும் உள்ளவை.

அவைக்கு வெறும் மொத்தத்தை மட்டும் காட்டாதேங்கோ. ‘தேங்காய் 4 × 150 = 600’ எண்டு வரி முழுக்கத் தெரியட்டும். அனுப்புகூலி இருந்தால் கடைசிப் பக்கத்தில திடீரெண்டு ஏத்தாமல் தொடக்கத்திலேயே ஒரு வரியாக நிற்கட்டும். காலமை விலை மாறினால் ‘நேற்று 150, இன்று 160’ எண்டு எழுதுங்கோ. கூடையில கிடந்த பொருளின்ர விலையைச் சத்தமில்லாமல் மாத்தாதேங்கோ. பட்டன் விரலுக்குக் காணுமான அளவு பெரிசா இருக்கட்டும். சிக்னல் விழுந்தால் கூடை அழிஞ்சு போகாமல் போனிலேயே சேமிச்சு வையுங்கோ. ஓர்டர் முடிஞ்ச உடன அதே வரிகள் அப்படியே எஸ்எம்எஸ்ஸாகவோ வட்ஸ்அப்பிலயோ தமிழில போகட்டும், சாமான் வாசலுக்கு வரும்போது அதை வச்சு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கட்டும்.

எழுதி முடிச்சதும் ஒரு சோதனை இருக்கு. பக்கத்தை உங்கட அம்மம்மாவிட்டக் குடுங்கோ. எண்ணிக்கையைக் கூட்டியும் குறைச்சும் பார்க்கச் சொல்லுங்கோ. போனை வாங்கிக் கவிழ்த்து வச்சுப்போட்டு, மொத்தம் எவ்வளவு எண்டு கேளுங்கோ. திரையைப் பாராமல் அவ சொல்லிற விடையும் சேர்வர் சொல்லிற விடையும் ஒத்துவந்தால், உங்கட பக்கத்தைக் கடைக்காரருக்குக் குடுக்கலாம்.